தண்ணீர் திறக்க வைக்கிறவர்கள்

மாதம் பிறந்தால் என் கார்டிலிருந்து காசு பிடித்துக்கொள்கிறவர்களின் பட்டியல் நீளமானது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, போட்டோ சேமிக்க, போகாத ஜிம்முக்கு. எதையும் மனசாரக் கொடுப்பதாகச் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு தரம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, கேட்டதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கட்டுகிற சந்தா ஒன்று உண்டு. அமெரிக்கன் ஒயிட்வாட்டர் என்று பெயர். ஆற்றில் துடுப்புப் போடுகிறவர்களின் சங்கம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் வீட்டுக்காரி தெரிந்தவர்களையெல்லாம் எச்சரித்து வைத்திருக்கிறாள். அந்த எச்சரிக்கை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மலையிறக்கத்தில் பாறைகளில் மோதி, நுரைத்து, வெள்ளை வெளேரென்று ஓடுகிற தண்ணீர்தான் ஒயிட்வாட்டர். ஆறு அப்படிக் கொந்தளித்து இறங்கும் ஒவ்வோர் இடமும் ஒரு ரேபிட். அதில் கயாக், ராஃப்ட், கனூ என்று எதையாவது போட்டுக்கொண்டு இறங்குவதற்கென்றே ஒரு ஜனக்கூட்டம் அமெரிக்கா முழுக்க இருக்கிறது. அங்கங்கே தனித்தனியாக இருந்த படகுக் குழுக்கள் 1954-ல் ஒன்றுகூடி அமைத்ததுதான் இந்தச் சங்கம். மறு வருஷமே சொந்தமாகப் பத்திரிகையும் தொடங்கிவிட்டார்கள். அலுவலகம் வாஷிங்டனில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வட கரோலினா மலைக்குள் கல்லவீ என்கிற சின்ன ஊரில் இருக்கிறது. ஆறு ஆறாக ஓட வேண்டும், அதில் இறங்க ஜனங்களுக்கு வழி இருக்க வேண்டும், இறங்கியவர்கள் உயிரோடு கரையேற வேண்டும். இவர்கள் வேலை மொத்தமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நான் இவர்களிடம் விழுந்தது மேற்கு வர்ஜீனியாவில், கோலி ஆற்றில்.

கோலியின் குறுக்கே சம்மர்ஸ்வில் அணை நிற்கிறது. 390 அடி உயரம். ராணுவப் பொறியாளர் படை 1966-ல் கட்டி முடித்தது. கோடை முழுக்க ஏரி தளும்பி நிற்கும். மீன் பிடிக்கிறவர்களும் மோட்டார் படகுக்காரர்களும் குளிக்க வருகிறவர்களும் அங்கேதான் கிடப்பார்கள். குளிர்காலம் வருவதற்குள் வெள்ளத்துக்கு இடம் ஒழித்து வைக்க வேண்டும் என்பதால் இலையுதிர் காலத்தில் ஏரியை ஏறக்குறைய 75 அடி இறக்கியாக வேண்டும். ஆக, அது எப்படியும் திறந்துவிடப் போகிற தண்ணீர். என்றைக்குத் திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதில்தான் இருக்கிறது சங்கதி. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டால் யாருக்கும் பிரயோசனமில்லை. முன்கூட்டியே நாள் குறித்து, அளவு சொல்லித் திறந்தால் உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் படகோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

இதைச் சட்டமாகவே எழுதி வாங்கிவிட்டார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீர்வளச் சட்டத்தில், ஒயிட்வாட்டர் விளையாட்டும் இந்த அணையின் அதிகாரபூர்வ நோக்கங்களில் ஒன்று என்று சேர்த்தார்கள். அந்நாட்டு அணை ஒன்றுக்கு அப்படி எழுதப்பட்டது அதுதான் முதல் முறை. மேட்டூரிலிருந்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் பேப்பரில் படித்து வளர்ந்தவன் நான். பாசனத்துக்குத் திறப்பார்கள், குடிநீருக்குத் திறப்பார்கள், வெள்ளம் வந்தால் பயந்துபோய்த் திறப்பார்கள். ஜனங்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விநாடிக்கு 2,800 கன அடி திறப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆளை ஏற இறங்கப் பார்த்திருப்பேன்.

இப்போது ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் லேபர் டே முடிந்த வெள்ளிக்கிழமை தொடங்குகிறது கோலி சீசன். ஆறு வார இறுதிகள், மொத்தம் 22 நாள். காலையில் மதகு திறக்கும், மாலையில் மூடும். அந்த ஆறு வாரமும் சுற்றுவட்டாரத்து ஓட்டல், பெட்ரோல் பங்க், கூடாரம் போடுகிற மைதானம் எதிலும் இடம் கிடைக்காது.

இது தானாக வாய்த்த வரமில்லை. 1980-களின் தொடக்கத்தில், அணைத் தண்ணீரை நீளமான சுரங்கக் குழாயில் திருப்பிக் கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்று கிளம்பியது. நடுவில் கிடக்கிற ஆறு வெறும் பாறையாகிவிடும். படகோட்டிகள் திரண்டு நின்று அந்தத் திட்டத்தை விரட்டினார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட 1983-ல் தொடங்கியதுதான் கோலி திருவிழா. இன்றைக்கும் செப்டம்பரில் சம்மர்ஸ்வில் ஊரில் நடக்கிறது. அமெரிக்கன் ஒயிட்வாட்டருக்கு அதுதான் பெரிய நிதி திரட்டும் விழா. 1988-ல் ஆற்றின் 25 மைல் நீளம் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாகப் பாதுகாப்புக்குள் வந்தது. 2001-ல் அணையின் காலடியிலேயே ஒரு மின்நிலையமும் வந்துவிட்டது. ஆற்றை வறள விடாமலும் மின்சாரம் எடுக்க முடிகிறது! முன்பெல்லாம் அணைக் குழாய்களிலிருந்து தண்ணீர் வளைந்து பீறிட்டு விழும், பார்க்கவே பயமாக இருக்கும், மின்நிலையம் வந்து அந்தக் காட்சி போய்விட்டது என்று பழைய ஆட்கள் இன்னும் ஆதங்கப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது நியாயமான விலை.

சரி, ஆற்றுக்கு வருகிறேன். என் பேச்சைக் கேட்டுச் சம்மதித்த ஒரே ஆத்மா, கூட வேலை பார்க்கும் திருச்சிக்காரன். "ஏங்க, ரெண்டு பேருக்கும் பைத்தியமா? பிள்ளை குட்டி இருக்கிறது ஞாபகம் இருக்கா?" என்றாள் வீட்டுக்காரி. இருவருக்கும் சேர்த்துப் புளிசாதமும் கட்டிக் கொடுத்தாள்.

மேல் கோலி என்கிற பகுதி அணையின் காலடியில் தொடங்குகிறது. ராஃப்டைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கும்போதே இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எங்கள் கைடு இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க உள்ளூர்ப் பெண்; தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். அவள் நடத்திய முதல் பாடம் துடுப்பைப் பற்றியது. துடுப்பின் மேல்நுனியில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். வானமே இடிந்து விழுந்தாலும் அதிலிருந்து கையை எடுக்காதே. எடுத்தால் அது சுழன்றுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பல்லைப் பெயர்த்துவிடும். இரண்டாவது பாடம்: தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதே. முழங்கால் ஆழம்தான் என்றாலும் நிற்காதே. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் ஓட்டம் ஆளை முன்பக்கமாக மடக்கி உள்ளே அமுக்கிவிடும். மல்லாந்து படு, காலை ஆறு போகிற திசையில் நீட்டு, கால்விரல் வெளியே தெரிய மிதந்து வா. நீச்சல் தெரியுமா என்று கேட்டதற்கு, தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவன் என்ற மிதப்பில் தலையாட்டியிருந்தேன். "நல்லது, ஆனால் இந்த ஆறு அதைக் கேட்காது" என்றாள்.

முதல் பெரிய ரேபிட்டுக்குப் பெயர் 'இன்சிக்னிஃபிகன்ட்'. அற்பம் என்று பெயர் வைத்தவனைக் கையில் கிடைத்தால் விசாரிக்க வேண்டும். ரேபிட்டுகளை அவற்றின் கடினத்தை வைத்து ஒன்று முதல் ஆறு வரை வகுப்புப் பிரிப்பார்கள். மேல் கோலியில் ஐந்தாம் வகுப்பு ரேபிட்டுகள் ஐந்து. இது அதில் முதலாவது. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அலை முகத்தில் அறைந்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது ரேபிட் முடிந்து, பின்னாலிருந்தவர்கள் துடுப்புகளை உயர்த்தி ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன், எதற்கென்று தெரியாமலே.

அடுத்தது பில்லோ ராக். இதைத்தான் சொல்லிச் சொல்லி மாளவில்லை எனக்கு. இடப்பக்கத்தில் வீட்டளவுக்கு ஒரு பாறை. சரிவில் வேகமெடுத்து வரும் மொத்த ஆறும் நேரே போய் அதில் மோதுகிறது. மோதிய தண்ணீர் எழும்பித் திரும்பி, பாறை மேலேயே ஒரு திண்டாகப் புரண்டுகொண்டு நிற்கிறது. மேல்பக்கத்தில் பாறையோரமாக ஒரு சுழி. போனால் லேசில் வெளியே வர முடியாது. நடுவே கீழே கார் அளவுக்கு இன்னொரு பாறை, அதற்கு ஃபோக்ஸ்வாகன் என்றே பெயர். இத்தனைக்கும் நடுவில்தான் போக வேண்டும். "ஃபார்வர்ட்! ஹார்ட்!" என்று பின்னாலிருந்து கைடு கத்துகிறாள். ராஃப்ட் அந்தத் தண்ணீர்த் திண்டில் ஏறியது. வலப்பக்கம் கீழே, இடப்பக்கம் மேலே. நடுவில் சப்பாத்தி மாதிரி மடங்கியது. மறு விநாடி எனக்கு எதிரே இருந்த திருச்சிக்காரன் இடத்தில் ஆள் இல்லை, வெறும் வானம்.

அவன் ஆறேழு அடி தள்ளி, சொல்லிக் கொடுத்த பாடம் பிசகாமல், கால்விரலைக் காட்டிக்கொண்டு மிதந்து வந்தான். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ந்து இழுத்தேன்; உள்ளே வந்து விழுந்தான். முதலில் கேட்டது: "டேய், செல்லு ரூம்லதானே வெச்சிட்டு வந்தேன்?"

அதற்கப்புறம் மெடோ ஆறு வந்து கலக்கிறது. அதைத் தாண்டி லாஸ்ட் பேடில், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இறக்கங்கள், மூச்சு விட அவகாசமில்லை. இங்கே விழவே கூடாது என்று கைடு முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னாள். கோலியின் பாறைகள் பல அடியில் குடைந்து கிடக்கின்றன. மேலே பார்த்தால் சாதாரணப் பாறை, கீழே தண்ணீர் உள்ளே போகிறது. போகிற தண்ணீரோடு ஆளும் போனால் அவ்வளவுதான். அதையடுத்து அயர்ன் ரிங். மரம் வெட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் பாறையில் அடித்து வைத்த இரும்பு வளையத்தால் வந்த பெயர். வளையத்தை யாரோ எப்போதோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றுக்கு நடுவே பாறையில் இருந்ததையும் விடவில்லை பாருங்கள்.

கடைசியாக ஸ்வீட்ஸ் ஃபால்ஸ். 1968-ல் இதில் முதன்முதலாகக் கயாக்கில் இறங்கிய ஜான் ஸ்வீட் என்பவரின் பெயர். பதினான்கு அடி அருவி. இருபுறப் பாறைகளிலும் நூற்றுக்கணக்கில் ஜனங்கள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ஒழுங்காக இறங்கினால் லேசாகக் கைதட்டல். கவிழ்ந்தால் ஜல்லிக்கட்டு வாடிவாசல் ஆரவாரம். நாங்கள் கவிழவில்லை. கூட்டத்துக்குத்தான் ஏமாற்றம்.

அன்று சாயங்காலம் திருவிழா மைதானத்துக்குப் போனோம். ஒரு பக்கம் பாட்டுக் கச்சேரி, ஒரு பக்கம் பழைய கயாக், பழைய ஹெல்மெட், ஒற்றைச் செருப்பு வரைக்கும் பேரம். சேறு அப்பிய ஆட்கள், பீர் கிளாஸ், நாய்கள். நடுவில் ஒரு மேசை போட்டு அமெரிக்கன் ஒயிட்வாட்டர் தொண்டர்கள். நரைத்த தாடியோடு ஒரு பெரியவர், காலையில் கயாக்கில் அதே ஆற்றில் இறங்கிவிட்டு வந்திருந்தவர், மேசையில் டெலிபோன் டைரக்டரி தடிமனுக்கு ஒரு காகிதக் கட்டை வைத்திருந்தார். என்ன அது என்றேன். இன்னொரு மாநிலத்து ஆற்றில் இருக்கும் அணையின் லைசென்ஸ் விண்ணப்பம் என்றார். திருவிழாவுக்கு யாராவது இதைக் கொண்டுவருவார்களா? "இதைப் படிக்காவிட்டால் திருவிழாவே இருக்காது" என்றார்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததுதான் என்னை இந்தச் சங்கத்தின் பக்தனாக்கியது. ஆற்றில் குதித்ததைவிட இதுதான் பெரிசு என்று இன்றும் சொல்வேன்.

கோலி அணை அரசாங்கத்துடையது, அதனால் அங்கே நாடாளுமன்றத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் தனியார் மின் நிறுவனங்களின் அணைகளுக்கு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் கொடுக்கிறது. ஒருமுறை கொடுத்தால் 30 முதல் 50 வருஷம் வரைக்கும் செல்லும். அந்தக் காலம் முடியும்போது மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான வேலை ஐந்து வருஷம் முன்பே ஆரம்பித்துவிடும். 1986-ல் திருத்திய சட்டப்படி, ஆணையம் மின்சாரத்தை மட்டும் பார்க்க முடியாது. மீன், காட்டுயிர், ஜனங்களின் பொழுதுபோக்கு எல்லாவற்றையும் சமமாக எடைபோட வேண்டும். ஆற்றுக்காகப் பேச வாய்ப்புத் திறக்கிற அந்த நாட்களில் மேசையில் ஆள் இல்லையென்றால், அடுத்த வாய்ப்பு பேரன் காலத்தில்தான். அதனால் எந்த அணைக்கு எப்போது கெடு முடிகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு இவர்கள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்வது என்றால் வருஷக்கணக்கில்.

வெறுமனே தண்ணீர் வேண்டும் என்று சொன்னால் எந்த நிறுவனமும் கேட்காது. எவ்வளவு வேண்டும், ஏன் அவ்வளவு என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். அணையிலிருந்து வெவ்வேறு அளவுகளில் தண்ணீர் திறக்கப்படும். தேர்ந்த படகோட்டிகள் ஒவ்வோர் அளவிலும் அதே ஆற்றில் இறங்கிவிட்டு, கரைக்கு வந்ததும் ஈரக் கையோடு படிவம் நிரப்ப வேண்டும். படகு பாறையில் தட்டியதா? அலை போதுமா? ஆபத்து கூடிவிட்டதா? இதே அளவு திறந்தால் மறுபடி வருவீர்களா? அந்த மதிப்பெண்களைக் கூட்டி வரைபடம் போட்டு, இத்தனை கன அடிக்குக் கீழே போனால் பிரயோசனமில்லை, இத்தனைக்கு மேலே போனால் தேவையில்லை என்று பேச்சுவார்த்தை மேசையில் வைக்கிறார்கள். விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஊர் நினைக்கிறவர்கள் பார்க்கிற வேலை இது!

அதன் பலனை ஓர் ஆற்றில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வட கரோலினாவின் சியோவா ஆற்றுக்குப் போக வேண்டும். 1928-ல் சான்டீட்லா அணையைக் கட்டி, தண்ணீர் முழுவதையும் குழாயிலும் சுரங்கத்திலும் திருப்பிவிட்டார்கள். அலுமினிய நிறுவனத்துக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அணைக்குக் கீழே ஒன்பது மைல் ஆறு முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வெறும் கல்லும் புதருமாகக் கிடந்தது. சாலையில் போகும்போது, பள்ளத்தாக்கின் குறுக்கே மலையிலிருந்து மலைக்குப் போகும் அந்தக் கனத்த குழாயை இன்றைக்கும் பார்க்கலாம். பைக் ஓட்டிகள் உயிரை விடுகிற, 11 மைலில் 318 வளைவு என்று பெயர் வாங்கிய சாலை பக்கத்திலேயே இருப்பதால் யாரும் ஆற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இருந்ததுமில்லை.

2005-ல் புதிய உரிமம் வந்தது. ஆற்றில் எப்போதும் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு மேல் வருஷத்தில் சில நாட்கள் பெருந்தண்ணீர் திறக்க வேண்டும். அந்த செப்டம்பரில் முதல் திறப்பு. படகோட்டிகளுக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்காதீர்கள். இந்த ஆற்றங்கரையில் வர்ஜீனியா ஸ்பைரியா என்கிற அரிய புதர்ச் செடி இருக்கிறது. வெள்ளம் வந்து கரையைக் கழுவிவிட்டுப் போனால்தான் அதற்கு வாழ்வு, இல்லாவிட்டால் பெரிய மரங்கள் வளர்ந்து நிழலில் அமுக்கிவிடும். அருகிப்போன நன்னீர்ச் சிப்பி வகை ஒன்றும் இங்கே உண்டு. அணை தடுத்துவிட்ட சரளைக்கல்லைக்கூட லாரியில் கொண்டுவந்து ஆற்றில் சேர்த்திருக்கிறார்கள். சிப்பிக்கும் மீனுக்கும் அது வேண்டும்.

திறப்பு நாளில் அங்கே போய் நின்றேன். இறங்கவில்லை, என் திறமைக்கு அந்த ஆறு அதிகம். காலையில் பாறைகளுக்கு நடுவே சலசலத்துக்கொண்டிருந்த ஆறு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறி, கற்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்து, குரலைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாலத்தில் என் பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண்மணி, தன் அப்பா பிறந்தது முதல் செத்தது வரை இந்த ஆற்றில் தண்ணீரைப் பார்க்கவில்லை என்றார். நான் என்ன சொல்ல?

ஜார்ஜியாவில் டலூலா பள்ளத்தாக்கு இன்னொரு கதை. 1910-களில் அணை வரக் கூடாது என்று ஹெலன் லாங்ஸ்ட்ரீட் என்ற பெண்மணி முன்னின்று போராடித் தோற்றுப்போனார்; அருவிகள் அடங்கிவிட்டன. 1990-களில் உரிமம் புதுப்பித்தபோது தண்ணீரில் ஒரு பங்கை மீட்டார்கள். இப்போது நவம்பரின் முதல் மூன்று வார இறுதிகளில் படகோட்டிகளுக்காகத் திறக்கிறார்கள். நூற்றுக்கணக்கான படிகளில் கயாக்கைத் தோளில் சுமந்து இறங்க வேண்டும். வேடிக்கை பார்க்க விளிம்பில் நிற்கிறவர்களுக்கும் கொண்டாட்டம்தான். மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டு ஆற்றில் ஃபைஃப் புரூக் அணைக்குக் கீழே வருஷத்துக்கு 106 நாட்கள் முன்கூட்டியே குறித்துத் தண்ணீர் வருகிறது. இதெல்லாம் பேசி வாங்கியது.

அணையோடு சமரசம் மட்டும்தான் இவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தால் வாஷிங்டன் மாநிலத்து ஒயிட் சால்மன் ஆற்றுக்குப் போய்ப் பாருங்கள். 1913-ல் கட்டிய 125 அடி காண்டிட் அணை. மீன் ஏறிப் போக வழியில்லை. வழி செய்து கொடுக்க ஆகும் செலவைவிட இடிப்பதே மலிவு என்று சொந்தக்கார நிறுவனமே ஒப்புக்கொள்ளும் வரை பழங்குடி மக்களும் ஆற்று அமைப்புகளும் விடவில்லை. அதில் இவர்களும் உண்டு. 2011 அக்டோபர் 26-ல் அடிவாரத்தில் வெடி வைத்தார்கள். ஏரி சில மணி நேரத்துக்குள் காலி. சால்மன் மீன்கள் மேலே ஏறிவந்து முட்டையிட்டன. படகுகள் அணை இருந்த இடம் வழியாகவே போகின்றன.

தினசரி உபயோகத்துக்கு வருவோம். இவர்கள் வைத்திருக்கும் ஆற்றுப் பட்டியலை நான் காலையில் காபியோடு பார்க்கிறேன். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆற்றுப் பகுதிகள். எங்கே இறங்கலாம், எங்கே ஏறலாம், எந்த வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது, எல்லாம் இருக்கும். அரசு நீரளவைக் கருவிகளின் அளவு நேரடியாக வந்து சேரும். தண்ணீர் போதாவிட்டால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை, மிஞ்சினால் நீலம். ராத்திரி மழை பெய்தால் விடிந்ததும் பச்சை தேடுகிற வியாதி எனக்கு வந்து நாளாயிற்று. ஆறுகளை ஒன்று முதல் ஆறு வரை வகுப்புப் பிரிக்கும் அளவுகோலை எழுதிப் பராமரிப்பதும் இவர்களே.

எனக்கு இவர்களிடம் மிகவும் மரியாதை வந்த இடம் வேறு. சார்லி வால்பிரிட்ஜ் என்கிற படகோட்டி 1975-லிருந்து ஆற்று விபத்துகளைச் சேகரித்து, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று எழுதிவருகிறார். அது இன்று சங்கத்தின் விபத்துப் பதிவேடு. வாசிக்க மனசு கனக்கும். ஆனால் யாரையும் குற்றம் சொல்லும் தொனி அதில் கிடையாது. லைஃப் ஜாக்கெட் இல்லை; குளிர்நீருக்கேற்ற உடை இல்லை; ஆற்றில் சாய்ந்த மரக்கிளைகள் தண்ணீரை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டன; சின்னத் தடுப்பணைதானே என்று போனவர் அதன் காலடிச் சுழலில் மாட்டிக்கொண்டார். படித்தவன் அதே இடத்தில் அதே வேலையைச் செய்ய மாட்டான். நம் ஊர் ஆறுகளில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நடக்கிற சாவுகளைப் பற்றி இப்படி ஒருவர் உட்கார்ந்து எழுதினால் எத்தனை வீடு பிழைக்கும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டுகிறேன் என்று அர்த்தமில்லை. சாட்டூகா ஆற்றின் மேல்பகுதியில் 1976-லிருந்து படகுக்குத் தடை. தூண்டில்காரர்கள் அமைதியாக டிரவுட் பிடிக்கட்டும் என்று வனத்துறை போட்டது. இவர்கள் வருஷக்கணக்கில் மேல்முறையீடு, வழக்கு என்று இழுத்து, 2012-ல் குளிர்கால மாதங்களில், தண்ணீர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓடும் நாட்களில் மட்டும் என்று பாதிக் கதவைத் திறக்க வைத்தார்கள். மற்ற எல்லாரும் போகிற பொது ஆற்றில் படகுக்கு மட்டும் ஏன் தடை என்ற இவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தூண்டில் போட்டுக்கொண்டு தனியாக நிற்கிற ஒரு மனுஷனுக்குச் சில மைல் ஆற்றை விட்டுக்கொடுத்தால் குடியா முழுகிவிடும்? திருவிழா மேசையில் இதைச் சொன்னேன். தாடிக்காரப் பெரியவர் அரை மணி நேரம் சண்டை போட்டார், கடைசியில் எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். நான் மாறவில்லை, அவரும் மாறவில்லை.

இன்னொன்று, அந்த மைதானத்தில் நம் நிறத்து முகங்கள் குறைவு. நானும் திருச்சிக்காரனும் போனால் தனியாகத் தெரிவோம். யாரும் ஒதுக்கியதில்லை, புளிசாதத்தைப் பகிர்ந்த பிறகு ஒட்டிக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். நம்மவர்கள் வாஷிங்டன், நயாகரா, டிஸ்னி என்று சுற்றிவிட்டு ஊருக்கு வீடியோ அனுப்புகிறோமே தவிர, காரில் போகும் தூரத்தில் இருக்கும் இந்த ஆறுகளின் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

ஆகவே அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிற வாசகர்களுக்கு: செப்டம்பர், அக்டோபரில் ஒரு வார இறுதியை ஒதுக்கி வையுங்கள். முதல் தடவை என்றால் கோலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நியூ ரிவரில் தொடங்குங்கள். அங்கே பிடித்துப்போனால் மேல் கோலிக்கு வாருங்கள். உரிமம் உள்ள நிறுவனத்தின் கைடோடு மட்டும் இறங்குங்கள், சொன்னதைக் கேளுங்கள், துடுப்பின் பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள். திரும்பி வந்த மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியாது. அந்த வலி ஆறுவதற்குள் அமெரிக்கன் ஒயிட்வாட்டருக்குச் சந்தாவைக் கட்டிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து அணைக்கு உரிமம் புதுப்பிக்கிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தால், அதைக் குப்பையில் போடாமல் நாலு வரி எழுதிப் போடுங்கள்.